ஒரு தரையில் இரு வீதிகள்

நாவற்குழியிலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கி ஒரு பஸ்வண்டி வருகின்றது. அது மன்னாரிலே புறப்பட்டது. அதன் பின்னே இன்னொரு வண்டி வருகின்றது. அது கண்டியிலே புறப்பட்டது. முன்வண்டி எந்த வீதியில் வருகின்றது? பின்வண்டி எந்த வீதியில் வருகின்றது? இரண்டின் சில்லுகளும் ஒரே தாரிலேதான் உருள்கின்றன. ஆயினும் முன்வண்டியில் இருப்பவரைக் கேட்டால் ‘மன்னார் வீதியால் வந்தேன்’ என்பார். பின்வண்டியில் இருப்பவரைக் கேட்டால் ‘கண்டி வீதியால் வந்தேன்’ என்பார். இருவருள் ஒருவரும் பொய் சொல்பவர் அல்லர்.

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதன்று. யான் வீதிகளை ஆராய்பவன் அல்லேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எழுத்து, சொல், பொருள் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன். எங்கள் கல்லூரியிலே பண்டிதர் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, விடுமுறை நாளொன்றிலே ஒரு கொப்பியும் கையுமாக வந்து நின்றாள். அவள் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதுகின்றவள். அந்தக் கலைக்களஞ்சியத்தை 2003 ஆம் ஆண்டிலே தொடங்கி நடத்தியவர் மயூரநாதன். அவர் எங்கள் யாழ்ப்பாணத்தவர்; தொழிலாற் கட்டடக்கலைஞர். 2017 இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. எழுதுவோர் பெரும்பாலும் ஊதியமும் பெயரும் வேண்டாதவர். புலவர்க்குப் புரவலர் இல்லை என்று முறையிடுகின்ற எங்களைப் போன்றோர் சிறிது வெட்கப்படவேண்டிய செய்தி இது.

மாணவி எடுத்துக்கொண்ட துறை வடபகுதியின் வீதிகள். “ஐயா, ஏ9 வீதிக்கும் ஏ32 வீதிக்கும் தனித்தனிக் கட்டுரை வேண்டும் என்பது என் எண்ணம். என்னோடு சேர்ந்து எழுதுகிறவர், யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி மட்டும் இரண்டும் ஒரே றோட்டுத்தானே, ஒரு கட்டுரையிலேயே இரண்டையும் அடக்கலாம் என்கிறார். ஆசிய நெடுஞ்சாலை 43 என்று வேறொன்றும் இருக்கிறது. அதற்கு இலங்கையிலே தனக்கென்று ஒரு முழத் தரையும் இல்லை. முழுவதும் எங்கள் வீதிகளிலேதான் ஓடுகிறது. அதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமோ?” என்று கேட்டாள்.

யான் ஆறுதலாகச் சிந்தித்து மறுமொழி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “கூறியது கூறல் குற்றம், பிள்ளை. ஒரு தரைக்கு ஒருமுறை சொன்னாற் போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் ஒன்றை எடுத்து வீசினால் மாணவர் வாய் அடங்கிவிடும் என்பது எங்கள் தொழிலிலே உள்ள பழைய வசதி. அவளும் ‘ஓம் ஐயா’ என்று போய்விட்டாள்.

அன்று மாலையே மனம் உறுத்தத் தொடங்கியது. அந்தப் பத்துக் குற்றங்களிலே ‘குன்றக் கூறல்’ என்பதும் ஒன்று. கூறியது கூறலுக்கு அஞ்சுகின்றவன் பெரும்பாலும் குன்றக் கூறலிலே போய் விழுவான். ஒரு தரைக்கு ஒருமுறை என்று யான் சொன்னது தரைக்குப் பொருந்தும். மன்னாரிலிருந்து வருகின்றவருக்குப் பொருந்துமா? அவர் தம்முடைய வீதியைப் பற்றி அறிய வந்து, கடைசிச் சில கட்டைகளைக் காணாமல் நாவற்குழியிலே இறங்கி நிற்கவேண்டியதுதானா?

இத்தகைய சிக்கல் நம் முன்னோர்க்கும் வந்திருத்தல் வேண்டும் என்று எண்ணி, அலுமாரியிலே இருந்த பழைய நூல்களை எடுத்துவைத்தேன். அகராதித் தொழிலும் களஞ்சியத் தொழிலும் யாழ்ப்பாணத்துக்குப் புதியன அல்ல. மானிப்பாய் அகராதி 1842 இல் வெளிவந்தது. ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. அதே மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் அபிதானகோசத்தை வெளியிட்டார். தமிழிலே களஞ்சியம் என்று சொல்லத்தக்க முதல் நூல் அது. சென்னையிலே ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் துணையால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910 இல் வந்தது. 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பத்துத் தொகுதியாக வெளியிட்ட கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டது. இவர்களுக்கெல்லாம் முன்னே நிகண்டுகள் இருந்தன.

நிகண்டை இக்காலத்து மாணவர் வெறும் மனனப் பாடம் என்று நினைக்கின்றனர். சூடாமணி நிகண்டின் அமைப்பைச் சிறிது பாருங்கள். பன்னிரண்டு தொகுதி. முதற் பத்தும் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களை ஓரிடத்திற் குவித்துத் தருவன. பதினோராந் தொகுதி ஒரு சொல் பல பொருளில் வருவதை எடுத்துக்கொள்கின்றது: ‘மா’ என்றால் மரமும் ஆகும், விலங்கும் ஆகும். பன்னிரண்டாவது, பல பொருள் சேர்ந்து ஒரு தொகைப்பெயர் பெறுவதைச் சொல்வது: ஐம்பூதம், முக்குணம் என்றாற் போல. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை இதனினும் செட்டாக வகுக்க இயலுமா? ‘கண்டி வீதி’ என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதும் ‘ஏ9’ என்று வரைபடம் சொல்வதும் ஒரு பொருளின் இரு பெயர். வவுனியாவுக்கு வந்தால் அதே வீதியின் ஒரு பக்கம் கண்டி வீதி, மறுபக்கம் யாழ் வீதி. போகும் ஊரின் பெயரை வீதிக்கு இடுவது எங்கள் வழக்கம். இவற்றுக்கெல்லாம் ஒரே கட்டுரை; மற்றப் பெயர்கள் அங்கே வழிகாட்டி நிற்கும். இதிலே ஐயமில்லை. நிகண்டே தீர்த்துவைத்த விடயம்.

ஆனால், ஒரு பகுதியில் ஒன்றாகியும் மற்றொரு பகுதியில் வேறாகியும் நிற்கும் இரு பொருளுக்கு நிகண்டிலே தொகுதி இல்லை. மண்டல புருடர் அத்தகைய பொருளைக் காணவில்லைப் போலும்! ஆறுகள் கலக்கும். கலந்தபின் ஒன்றன் பெயர் போய்விடும். அல்லது தேவப்பிரயாகையிலே அலகநந்தையும் பாகீரதியும் கூடிக் கங்கை என்ற புதுப்பெயர் பெறுவது போல இரண்டன் பெயரும் போய்விடும். கலந்த ஆறு பெரும்பாலும் மீண்டும் தன் பெயரோடு பிரிந்து போவதில்லை. வீதியோ கலக்கும், சிறிது தூரம் கூடிச் செல்லும், பின்னர் தன் பெயரோடும் தன் இலக்கத்தோடும் பிரிந்து போகும்.

கலத்தலைப் பற்றி இலக்கண ஆசிரியனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குத்தான் புணரியல் இருக்கின்றது. நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது ஒரு மாற்றமும் இன்றிக் கூடினால் இயல்பு. மாற்றம் வந்தால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. மாணவி விட்டுச்சென்ற கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, வீதிகள் எப்படிப் புணர்கின்றன என்று பார்க்கத் தொடங்கினேன். விளையாட்டாகத் தொடங்கியது. ஆனால் நான்கும் கிடைத்தன!

இயல்புப் புணர்ச்சிக்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே இரு நெடுஞ்சாலைகள் ஒரே தரையிற் செல்லும்போது ஒரே கம்பத்திலே இரண்டு இலக்கங்களையும் நாட்டிவிடுகின்றார்கள். இரண்டும் தத்தம் இலக்கத்தை இழப்பதில்லை. வேர்ஜினியா மாநிலத்திலே வித்வில் என்ற ஊரின் பக்கத்தில் 77 ஆம் இலக்க நெடுஞ்சாலையும் 81 ஆம் இலக்க நெடுஞ்சாலையும் சில மைல் தூரம் ஒன்றாகச் செல்கின்றன. ஒன்று வடக்குப் போவது, மற்றது தெற்குப் போவது. ஆகவே அந்தத் துண்டிலே ஒரே பக்கமாக வண்டி ஓட்டுகின்ற ஒருவர் ஓர் இலக்கத்தின்படி வடக்கே போகின்றார். மற்ற இலக்கத்தின்படி தெற்கே போகின்றார். மாறுகொளக் கூறல் என்று அங்கே போய் யாரும் குற்றம் சாட்ட முடியாது. பலகையிலே எழுதியிருக்கின்றது.

கெடுதல் எங்கள் நாட்டு முறை. வீதி அட்டவணையிலே ஏ9 என்பது கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, சாவகச்சேரி வழியாக யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். ஏ32 என்பது நாவற்குழி, கேரதீவு, பூநகரி வழியாக மன்னாருக்குப் போவது. அது யாழ்ப்பாணத்திலே தொடங்கவில்லை, நாவற்குழியிலேதான் தொடங்குகின்றது. நாவற்குழிக்கு வந்தவுடன் 32 என்ற இலக்கம் கெட்டுவிடுகின்றது. அப்பால் ஏ9 மட்டும். ஒரு தரையை இரு தலைப்பிலே எழுதினால் கணக்கிலே இருமுறை வந்துவிடும் அல்லவா? கணக்கெழுதுபவனுக்கு ஒரு முழத் தரை ஒருமுறைதான் வரலாம். அவன் செய்தது அவனுக்குச் சரி. பிரயாணிக்கோ மன்னார் வீதி யாழ்ப்பாணத்திலே தொடங்குவது. ஆகவே என் மாணவியின் தோழர் ‘இரண்டும் ஒன்றாகச் செல்கின்றன’ என்று சொன்னது அட்டவணையின்படி தவறு, வழக்கின்படி சரி. செய்யுளும் வழக்கும் என்று நாம் பிரித்துப் பேசுவதில்லையா? அதுபோலக் கொள்க.

திரிதலுக்கு இந்தியா. வாரணாசியிலிருந்து நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீற்றர் சென்ற 7 ஆம் இலக்கத் தேசிய நெடுஞ்சாலை, அந்நாட்டிலே நெடுங்காலம் மிக நீளமானது என்று பாடப்புத்தகங்களிலே படிக்கப்பட்டது. 2010 இல் இலக்கங்களையெல்லாம் மாற்றினார்கள். நாக்பூருக்குத் தெற்கே உள்ள அதன் உடல் முழுவதும் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் புதிய 44 ஆம் இலக்கத்துக்குப் போய்விட்டது. அந்த 44 இன் நீளம் 3,700 கிலோமீற்றருக்கு மேல். 7 என்ற இலக்கமோ வடக்கே வேறொரு வீதிக்கு வழங்கப்பட்டது. இன்று பழைய ஏழுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா? தரையைக் கேட்டால் வேண்டாம். நாக்பூருக்குத் தெற்கே எல்லாம் 44 இலே இருக்கின்றது என்று சொல்லும். ஆனால் சேலத்திலும் மதுரையிலும் அந்த வீதியோரத்திலே கடை வைத்து, அந்த இலக்கத்தை முகவரியிலே எழுதி, ஒரு தலைமுறை வாழ்ந்திருக்கின்றது. பழைய நூல்களைப் படிப்பவன் ‘ஏழாம் இலக்கம்’ என்பதைக் கண்டு எங்கே போய்த் தேடுவான்? புதிய ஏழிலே தேடினால் வேறொரு நாட்டுப்புறத்துக்கு அல்லவா போய்ச் சேருவான்! வேண்டும் என்பதே என் கட்சி.

இனித் தோன்றல். ஆசிய நெடுஞ்சாலை 43 என்பது ஆக்ராவிலே தொடங்கித் தமிழ்நாட்டின் ஊடாகத் தனுஷ்கோடிக்கு வந்து, கடலைத் தாண்டி, தலைமன்னாரிலே மீண்டும் கரையேறி, மதவாச்சி, தம்புள்ளை, கொழும்பு, காலி வழியாக மாத்தறை வரை செல்வது. தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வரை அது ஏ14. அதன்பின் தம்புள்ளை வரை நம்முடைய ஏ9 தான். பழைய இரு சொல்லுக்கு நடுவே ஓர் எழுத்துத் தோன்றுவது போல, இருந்த வீதிகளின் மேல் ஓர் இலக்கம் தோன்றியிருக்கின்றது. தரை ஒன்றும் புதிதன்று. இடையிலே கடல், அதன்மேல் பாலமும் இல்லை. மாணவி சொன்னது போல இதற்கு ஒரு முழத் தரை சொந்தமில்லை. அப்படியானால் கட்டுரை வேண்டாமா? யான் முதலிலே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பின்பு யோசித்தேன். தனுஷ்கோடியிலும் தலைமன்னாரிலும் கரையோடு நின்றுபோகும் இரண்டு வீதிகளும் உண்மையிலே ஒரு வீதி என்று பல நாட்டு அரசாங்கங்கள் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தச் செய்தியை ஏ14 கட்டுரையிலே சொல்ல முடியாது. ஏ9 கட்டுரையிலே சொன்னால் அது ‘மற்றொன்று விரித்தல்’ என்னும் குற்றம். ஆகவே அதற்கு ஒரு தனி இடம் வேண்டும். ஆனால் மதவாச்சிக்கும் தம்புள்ளைக்கும் இடையே உள்ள ஊர்களையும் குளங்களையும் அங்கே மறுபடி அடுக்கவேண்டியதில்லை. ‘ஏ9 காண்க’ என்றாற் போதும்.

இந்த இடத்திலேதான் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. இலக்கம் வேறா என்று கேட்பதும், தரை வேறா என்று கேட்பதும் வீண். இலக்கம் அரசாங்கம் இடுவது; நாளைக்கு மாற்றும். தரையோ மாறாது, ஆனால் தன்மேற் போகின்றவர் யார் என்று அதற்குத் தெரியாது. ‘இந்த வழியைப் பற்றி, வேறெந்தக் கட்டுரையிலும் சொன்னால் இடம் பிழைத்துவிடும் என்று சொல்லத்தக்க செய்தி ஏதேனும் உண்டா?’ என்று கேட்கவேண்டும். உண்டாயின் தனிக் கட்டுரை. அது நாலு வரியாக இருந்தாலும் குற்றமில்லை. இல்லையாயின் நாற்பது பக்கம் எழுதினாலும் அது ‘நின்று பயனின்மை’.

தாளிலே அச்சிட்ட முன்னோர்க்கு இவ்வளவு தாராளம் இருக்கவில்லை. அபிதான சிந்தாமணியிலே ஒரே பெயருடைய பலரை எண்ணிட்டு அடுக்கி இரண்டு வரியிலே முடித்த இடங்கள் பல. தாளுக்கு விலை உண்டு; அச்சுக்கு விலை உண்டு. கணினியிலே எழுதுகின்றவர்களுக்குத் தாட் பஞ்சம் இல்லை. இடமில்லை என்று சொல்லிச் சேர்க்கும் காரணம் இன்று போய்விட்டது. படிக்கின்றவனுடைய நேரம் என்ற காரணம் மட்டும் போகவில்லை.

நன்னூலார் குற்றங்களை மட்டும் சொல்லி நிறுத்தவில்லையே. உத்தி முப்பத்திரண்டையும் சொன்னார். அவற்றுள்ளே ‘தொகுத்துச் சுட்டல்’ ஒன்று. ‘வகுத்துக் காட்டல்’ இன்னொன்று. ஒன்றாகச் சேர்ப்பதும் உத்தி. வேறாகப் பிரிப்பதும் உத்தி. இன்னும் ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என இரண்டு. பின்னே சொல்லுவோம் என்பது ஒன்று, முன்னே சொன்னோம் என்பது மற்றது. இக்காலத்தார் ‘காண்க’ என்று எழுதுவது இந்த இரண்டையும்தான். இவற்றை யான் பலமுறை பாடஞ் சொல்லியிருக்கின்றேன். ஆனால் மாணவி வந்து கேட்டபொழுது குற்றம் மட்டும் நாவிலே வந்தது, உத்தி வரவில்லை. ஆசிரியத் தொழிலின் நோய் அது.

இரண்டு கிழமை கழித்து அவள் மீண்டும் வந்தாள். என் முதல் தீர்ப்பை அவள் முழுவதும் ஏற்கவில்லை. முழுவதும் தள்ளவும் இல்லை. இரண்டு கட்டுரை எழுதியிருந்தாள். ஆனால் கூறியது கூறாமல் இருக்கவேண்டும் என்று ஐயா சொன்னாரே என்ற பயத்தினால், ஏ9 கட்டுரையைக் கண்டியிலிருந்து நாவற்குழி வரை விரித்து எழுதிவிட்டு, ‘நாவற்குழிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட பகுதிக்கு ஏ32 காண்க’ என்று முடித்திருந்தாள். ஏ32 கட்டுரையை மன்னாரிலிருந்து எழுதி வந்தாள். பூநகரியைச் சொன்னாள். 2011 தையிலே திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைச் சொன்னாள். நாவற்குழிக்கு வந்தவுடன், ‘இதற்கப்பால் ஏ9 காண்க’ என்று முடித்திருந்தாள்.

யான் இரண்டையும் வாசித்தேன். ஒன்று மற்றதைக் காட்டுகின்றது. மற்றது ஒன்றைக் காட்டுகின்றது. இடையிலே உள்ள நிலம் ஓரிடத்திலும் இல்லை. பக்கத்து வீட்டிலே கேள் என்று இரண்டு வீட்டுக்காரரும் கைகாட்டினால் வந்த விருந்தினன் தெருவிலே நிற்பான்.

அந்த இடைநிலம் எது? நாவற்குழிப் பாலம். அதன் இப்பால் செம்மணி வெளி. பிறகு அரியாலை. யாழ்ப்பாணத்துக்கு வருவோரை வரவேற்கும் வளைவு அங்கேதான் நிற்கின்றது. 1996 ஆம் ஆண்டிலே, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய பாடசாலை மாணவி ஒருத்தி அந்தப் பகுதியின் காவலரணிலே மறிக்கப்பட்டாள். அவளையும், அவளைத் தேடிப் போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்று புதைத்தது செம்மணியிலே. 1998 இல் அந்த வழக்கிலே தண்டனை பெற்ற படைவீரன் ஒருவன், அங்கே இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று நீதிமன்றத்திலே சொன்னான். 1999 இல் தோண்டியபோது பதினைந்து பேருடைய எலும்புகள் வெளிப்பட்டன. 2025 இல் அருகிலே உள்ள சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்ந்தபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன; குழந்தைகளுடையனவும் அவற்றுள் உண்டு. இந்த நிலத்தைத்தான் ‘அங்கே காண்க’, ‘இங்கே காண்க’ என்ற இரண்டு கைகாட்டிகளுக்கு நடுவே விட்டுவிட்டோம்.

அவள் வேண்டுமென்று விட்டவள் அல்லள். என் சொல்லை நம்பி விட்டாள். “பிள்ளை, பிழை என்னுடையது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை வாங்கி ஏ9 கட்டுரையின் அடியிலே இருந்த கடைசி வரியை வெட்டினாள். யாழ்ப்பாணம் வரை அங்கேயே முழுவதும் எழுதுவது என்றும், ஏ32 கட்டுரையிலே ‘மன்னாரிலிருந்து வரும் பிரயாணிகள் நாவற்குழியிலிருந்து செம்மணி வழியாக ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் சேர்வர்’ என்று ஒரு முழு வாக்கியம் வைப்பது என்றும் முடிவு செய்தோம். செம்மணிக்குத் தனியே கட்டுரை இருக்க வேண்டியதுதான். ஆயினும் வழியிலே அதன் பெயரேனும் இருத்தல் வேண்டும். மிகையா? ஒரு பெயர் இருமுறை வருவதை மிகை என்பவர் சொல்லட்டும்.

வீதிக் கட்டுரைகளினால் வந்த பிணக்கு எங்கள் கொப்பியோடு நிற்பதன்று. ஆங்கில விக்கிப்பீடியாவிலே அமெரிக்க நெடுஞ்சாலைகளைப் பற்றி எழுதிவந்த ஒரு கூட்டத்தார், எந்த வீதி கட்டுரைக்குத் தகுதி உடையது, வரைபடத்தைப் பார்த்து எழுதினால் அது சான்றாகுமா என்னும் கேள்விகளிலே மற்றவர்களோடு உடன்படாமல், 2023 இல் தம் கட்டுரைகளைப் பிரதி செய்து எடுத்துக்கொண்டு ஏஏ-றோட்ஸ் விக்கி என்ற பெயரிலே வேறு களஞ்சியம் அமைத்துக்கொண்டார்கள். இதை மாணவி சொன்னபோது யான் சிரித்தேன். ஓர் உரைவேறுபாட்டுக்காக ஆயுள் முழுவதும் முகம் பாராமல் இருந்த புலவர்களை அறிந்தவன் அல்லவா யான்! ஆனால் அவர்களுடைய இரண்டாவது கேள்வி, வரைபடம் சான்றாகுமா என்பது, சிரிக்கத்தக்கதன்று. அது சிறிது நேரத்திலே என் தலைமேல் வந்து விழுந்தது.

புறப்படும்போது யான் கேட்டேன்: “எல்லா வீதியும் எழுதுகிறாய். கிளாலிப் பாதையை ஏன் எழுதவில்லை?”

அவள் பிறக்குமுன் மூடுண்ட பாதை அது. பெயர் கேள்விப்பட்டிருக்கின்றாள். “அதற்கு இலக்கம் இல்லையே, ஐயா. வரைபடத்திலும் இல்லை” என்றாள்.

உண்மைதான். 1990 இலே போர் மூண்டபின் ஆனையிறவு வழி அடைபட்டது. அடுத்த ஆண்டு பூநகரியிலே படைமுகாம் அமைந்தபின் சங்குப்பிட்டித் துறையும் மூடுண்டது. ஏ9, ஏ32 இரண்டும் வரைபடத்திலே கோடாக இருந்தன. சனங்கள் போக வழியாக இருக்கவில்லை. முதலிலே கொம்படி, ஊரியான் என்று சேற்றிலும் நீரிலும் நடந்தார்கள். பிறகு கிளாலியிலே கடனீரேரியைப் படகிலே கடந்தார்கள். நோயாளர், கர்ப்பிணிகள், பரீட்சைக்குப் போகும் மாணவர், சம்பளம் எடுக்கப்போகும் ஆசிரியர் எல்லாரும் அந்த வழியேதான் போனார்கள். கடற்படையின் தாக்குதலுக்கு ஆளாகி மாண்டவர் பலர். சில ஆண்டுகள் இந்தக் குடாநாட்டுக்கு உண்மையான நெடுஞ்சாலை அதுதான். ஏ9 அந்த ஆண்டுகளிலே செய்யவேண்டிய தொழிலையும், ஏ32 செய்யவேண்டிய தொழிலையும் ஒருங்கே செய்தது அந்த இலக்கமில்லாத நீர். யான் வகுத்த அளவுகோலை வைத்தே பார்த்தாலும், ஏ9 கட்டுரையிலே அதைச் சொன்னால் இடம் பிழைக்கும். ஏ32 கட்டுரையிலே சொன்னாலும் பிழைக்கும். அதற்குத் தனித் தலைச்சொல் வேண்டும்.

“வேண்டும்தான் ஐயா. தாக்குதற் செய்திகள் பழைய பத்திரிகைகளிலே கிடைக்கின்றன. எங்கே ஏறினார்கள், எப்படிப் போனார்கள் என்று எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை” என்றாள்.

“யான் போனேன், பிள்ளை. யான் சொல்கிறேன்.”

அவள் சிறிது தயங்கினாள். “நீங்கள் சொன்னதை எழுத இயலாது, ஐயா. அச்சிலே வந்ததைத்தான் சான்று காட்டலாம்.”

முப்பது ஆண்டு மாணவரிடம் மேற்கோள் எங்கே, எந்த நூல், எந்தச் சூத்திரம் என்று கேட்டவன் யான். அன்று அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பத்திரிகையிலே வந்தாற் காட்டலாமோ என்று கேட்டேன். காட்டலாம் என்றாள். ஆகவே இதனை எழுதுகின்றேன்.

1993 ஆம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பிலே ஒரு பரீட்சைக்குத் தோற்றுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து துவிச்சக்கர வண்டியிலே கொடிகாமம் வரை சென்று, அங்கிருந்து கிளாலிக் கரையை மாலையிலே சேர்ந்தேன். பெயர் பதிந்து துண்டு கொடுத்தார்கள். இருட்டிய பின்னரே படகு விட்டார்கள். வெளிச்சம் கூடாது, பீடி பற்றவும் விடவில்லை. இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னாலே நாலு வள்ளங்களைக் கயிற்றாற் பிணைத்து இழுத்தார்கள். என் வள்ளத்திலே பத்துப் பேர் இருந்தோம். மடியிலே குழந்தையோடு ஒரு தாய், அதற்கு இருமல். இருமல் வரும்போதெல்லாம் அவர் தம் சேலைத் தலைப்பாலே அதன் வாயை மெல்லப் பொத்தினார். ஓரிடத்திலே இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் அசையாமல் இருந்தோம். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. பின்பு மீண்டும் இழுத்தார்கள். அக்கரையிலே இறங்கியபோது முழங்காலளவு நீர். என் சூட்கேசைத் தலையிலே வைத்து, குழந்தையை அதன் தாயிடமிருந்து வாங்கித் தோளிலே போட்டுக்கொண்டு நடந்தேன். கரையிலே உழவு இயந்திரங்கள் பெட்டி பூட்டி நின்றன. விடியுமுன் கிளிநொச்சி சேர்ந்தோம். அந்தத் தாய் பரந்தனிலே இறங்கிவிட்டார்.